மாப்பிள்ளை வயிற்றில் முட்டை

“வா மாப்ள, வந்து குந்து” என்று கெண்டையைத் தூக்கி அரிவாள்மனை முன்னால் வைக்கிறாள் கொளஞ்சியம்மாள். வெட்டுமுன் அடிவயிற்றைக் கட்டைவிரலால் ஒரு நீவு. வெள்ளையாகப் பால் கசிந்தால் ஆண், மாப்பிள்ளை. மஞ்சளாக முட்டை வந்தால் மகள். கள்ளக்குறிச்சி மீன் சந்தையில் இருபது வருஷமாக இப்படி முறை வைத்துத்தான் வெட்டுகிறாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

எனக்கு அவள் ஓரகத்தியின் தங்கை. கை அவள் அம்மாவுடையது; வாய் அப்பன் பிச்சைமுத்துவுடையது. செதிலைத் தெறிக்காமல் சீவுவாள், பேச்சைத்தான் தெறிக்கவிடுவாள். காலேஜில் விலங்கியல் நடத்தும் அறிவுச்செல்வனைக்கூட விடமாட்டாள். “இன்னா சார், தலைய மட்டும் வாங்கிக்கினு போறீங்க, ஒடம்புக்கு வேற கடையா?”

இந்த எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் மறியல். உளுந்தூர்பேட்டை ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். கடலூர் மீன் வரவில்லை. ஊருக்கே ஏரிக் கெண்டைதான். கரும்புக் கொல்லையில் தெளிக்கிற மருந்தெல்லாம் மழையோடு இறங்குகிற ஏரி அது. கொளஞ்சி சினை மீனாகப் பார்த்து, தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் கண்ணகிக்குத் தினமும் குழம்பு வைத்தாள். ஏழு மாசம் அவளுக்கு.

மூன்றாம் நாள் ஒரு மாப்பிள்ளையை நீவினாள், பால் வந்தது. கீறினாள். பால்பைக்குள்ளே கடுகு கொட்டினதுபோல் முட்டை.

“தோ பாருடி, மாப்ள முழுவாம கீறான்!” என்றாள் பக்கத்துக் கடை ஜெயம்மாள். கொளஞ்சியும் சிரித்தாள். அடுத்ததைக் கீறினாள். அதுவும் அப்படியே. அதற்கடுத்ததும். ஐந்தாவதில் யாரும் சிரிக்கவில்லை.

வாங்க வந்த அறிவுச்செல்வன் குனிந்து பார்த்தார்.

“மருந்துல சிலது ஒடம்புக்குள்ள போய்ப் பொம்பளை ஹார்மோன் மாதிரி வேஷம் கட்டும். ஒடம்பு அத நெசம்னு நம்பிடும். ஆண் மீனுக்குள்ளயே முட்டை வந்துடும். இங்க அதான்னு சோதிச்சாத்தான் சொல்ல முடியும்.”

“இது எப்ப ஆவுது சார்?” என்றாள் கொளஞ்சி.

“குஞ்சுலியே. உறுப்பு உண்டாவறப்பவே.”

“வயித்துப் புள்ளைக்கு?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியலைங்க. யாருக்கும் இன்னும் சரியாத் தெரியாது.”

கொளஞ்சி திரும்பினாள். பின்னால் சாக்கின்மேல் உட்கார்ந்து கண்ணகி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், கன்னம் உப்பியிருந்தது.

“இன்னாம்மா, ஏன் அப்டிப் பாக்கற?”

ஒரே தாவல். செதில் ஒட்டிய விரல்களை மகள் வாய்க்குள் விட்டு, மென்றுகொண்டிருந்த சினையை வழித்து வெளியே எடுத்தாள்.