ஹன்னா அன்ரி எழும்பவில்லை

நனைந்த கம்பளிச் சட்டைகளும் சூடான ரொட்டியும் சேர்ந்து மணக்கும் சமையலறை அது. ஜெர்மனியின் பான் நகரில், இலங்கையிலிருந்து வந்த நாங்கள் வாழ்ந்த அகதிக் குடியிருப்புக்கு எதிர்வீட்டு ஹன்னா அன்ரி, பள்ளி விட்டதும் குடியிருப்புப் பிள்ளைகள் ஏழு பேரையும் அங்கே இருத்தி ஜெர்மன் படிப்பித்தார். அவர் குவேக்கர், பாதிரியாரின்றி மௌனமாக அமர்ந்து வழிபடும், ஆயுதம் தொடாத கிறிஸ்தவர்களில் ஒருவர். சிறுமியாக இருந்தபோது ஹிட்லர் வணக்கத்துக்குக் கை தூக்க மறுத்துப் பள்ளியிலிருந்து துரத்தப்பட்டவர். பின்னாளில் பெண்கள் சிறையில் எழுத்துக் கற்பித்தவர். எங்களிடமிருந்து கொஞ்சம் தமிழும் பிடித்துக்கொண்டிருந்தார்.

எனது நான்காம் வகுப்பு முடிவில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் ஜிம்னாசியம் எனக்குச் சரிவராதாம். உணவகத்தில் "கோப்பை கழுவி" எங்களைக் காத்த அப்பா அதை மடித்து வைத்துவிட்டு அன்ரியிடம் சொன்னார்.

"அவையள் படிச்ச ஆக்கள், அம்மா. எங்களுக்கு இன்னும் விசாவும் இல்லை. வாய் திறக்க ஏலாது."

"திறக்க வேண்டாம். நான் போய் இருக்கிறன்," என்றார் அன்ரி.

மறுநாள் காலை தலைமையாசிரியரின் அறைக்கு வெளியே கிடந்த வாங்கில் போய் அமர்ந்தார். சந்திக்க முன்கூட்டியே நேரம் குறித்த "டெர்மின்" இல்லையே என்றார்கள். காத்திருப்பதாகச் சொன்னார். இடைவேளைகளில் நானும் ஓடிப்போய் அருகில் இருந்தேன். பிள்ளைகள் சிரித்தபோது முதலில் வெட்கம் வந்தது, இரண்டாம் நாள் கோபம் வந்தது. மூன்றாம் நாள், உணவக ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்த அப்பா, எதுவும் பேசாமல் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. தலைமையாசிரியர் ஒரு புத்தகத்தை நீட்டினார். வாசித்தேன், பொருளும் சொன்னேன். ஒரு சொல்லின் உச்சரிப்பைத் திருத்தினார்.

"இவள் வந்து மூன்று வருடம்தான்," என்று அன்ரி ஜெர்மனில் சொன்னார். "உங்களுக்கு எத்தனை தமிழ்ச் சொற்கள் தெரியும், ஐயா?"

தலைமையாசிரியர் புத்தகத்தை வாங்கி மூடினார். பிறகு, "போய்ப் படிக்கட்டும்," என்றார்.

வீதிக்கு வந்ததும் அப்பா தயங்கினார். "நான் ஒண்டும் கதைக்கேல்லையே, அம்மா."

"நல்லாக் கதைச்சீங்கள்," என்றார் அன்ரி.

அன்ரி இன்று இல்லை. அவர் வீட்டை இடித்துவிட்டார்கள். குடியிருப்பு இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. நான் ஆசிரியையாக இருக்கிறேன். சென்ற மாதம், புதிதாக வந்த ஒரு சிறுமிக்கு ஜிம்னாசியம் சரிவராது என்று எழுதிய தாளில் என்னிடம் கையெழுத்துக் கேட்டார்கள்.

நான் போடவில்லை.