குண்டக்கல் வழியா, மதராஸ் வழியா

விடுமுறையில் தொலைதூர ஊருக்குப் போகிறவருக்கு, தலைமையிடத்திலிருந்து மிகக் குறுகிய ரயில் பாதையில் எத்தனை நாள் பிடிக்குமோ, அத்தனை நாளும் விடுமுறைக் கணக்கில் சேராது. எங்கள் ஆபீஸ் விதி இது. விதி தெளிவாகத்தான் இருந்தது. பெங்களூர்தான் தெளிவில்லாமல் இருந்தது.

எனக்குப் பார்த்திருந்த பெண் லாகூரில் இருந்தாள். அவள் தகப்பனார் அங்கே ராணுவக் கணக்கு ஆபீசில் வேலை பார்த்த நம்மூர்க்காரர். பெண் வீட்டுக் கோவிலில்தான் கல்யாணம் என்பதில் பிடிவாதக்காரர். தவக்காலம் பிறந்துவிட்டால் ஈஸ்டர் வரை கோவிலில் கல்யாணம் கிடையாது. அதுவரை காத்திருக்க அவர் தயாரில்லை. ராவல்பிண்டியில் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரையும் பார்த்து வைத்திருந்தார்.

என்னிடம் மிச்சமிருந்த விடுமுறை ஒரு வாரம். அதில் பாதிக்கு மேல் போகிற வழிக்கே சரி. பயண நாட்களைத் தனியாகக் கொடுக்காவிட்டால், தாலி கட்டும் நேரத்தில் நான் திரும்பி வரும் ரயிலில் இருக்க வேண்டும்.

விண்ணப்பத்தைப் படித்த சூப்பரின்டென்டென்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்த வழியா போறீர்?"

"குண்டக்கல் வழி சார். அதான் குறுக்கு."

"அந்த வண்டி சிட்டி ஸ்டேஷன்ல கிளம்புது. சிட்டி மகாராஜா சீமை. நம்ம ஆபீஸ் பட்டாளத் தண்டுல, வெள்ளைக்கார சர்க்கார் இடத்துல இருக்கு. தண்டுலேர்ந்து எண்ணினா மதராஸ் வழி. அது சுத்து. சுத்துக்கு நாள் கிடையாது."

"குறுக்குக்கும் இல்லை, சுத்துக்கும் இல்லைன்னா நான் எப்படி சார் போறது?"

"மேலிடத்துக்கு எழுதிக் கேப்போம்."

எழுதினார். தண்டுக்கும் சிட்டிக்கும் நடுவே ஜட்காவில் அரை மணி. அந்த அரை மணியைப் பற்றி மதராஸ் மேலாபீஸ் வாரக்கணக்கில் யோசித்தது.

இதற்குள் பிரேசர் டவுன் கோவிலில் மூன்று ஞாயிறும் எங்கள் கல்யாண ஓலையை வாசித்து, ஆட்சேபம் உண்டா என்று சாமியார் கேட்டு முடித்துவிட்டார். மேலாபீசைத் தவிர யாருக்கும் ஆட்சேபமில்லை.

"ஓலை மூணும் ஆச்சு, நீ சும்னே உக்காந்திருக்கே," என்றாள் அக்கா. "அந்த ராவல்பிண்டிக்காரன் யாரைக் கேக்கணுமாம்?"

"அவனுக்கு ரயில்வே பாஸ் இருக்கு அக்கா."

"அப்ப அவளை அவன் கட்டிக்கட்டும். நீ விதியைக் கட்டிக்கோ."

மறுநாள் சூப்பரின்டென்டென்டிடம் போய் நின்றேன். அவர் என் விண்ணப்பத்தை எடுத்து மறுபடி படித்தார்.

"பயணம் எத்தனை நாள்னு மேலிடம் சொல்ற வரைக்கும், நீர் போய்ச் சேர்ந்தீர்னு இங்க யாரும் எழுத முடியாது. பதில் வர வரைக்கும் நீர் வழியில இருக்கீர். கிளம்பும்."

"எந்த வழியில சார்?"

"அதைக் கேக்காதீர். அதுக்கும் எழுத வேண்டி வரும்."

குண்டக்கல் வழியாகவே போனேன். சாம்பல் புதனுக்கு முந்தின நாள் காலை தாலி கட்டினேன். தவக்காலம் முழுவதும் மாமனார் வீட்டில் கறியில்லாத விருந்து. பெங்களூர் ஆபீஸ் கணக்கில் நான் இன்னும் ரயிலில் உட்கார்ந்திருந்தேன். மேலிடத்துப் பதில் வந்து, ஆபீஸ் ஏட்டில் நான் லாகூர் போய்ச் சேர்ந்தது, ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை.