ஒன் பாயிண்ட் த்ரீ: ஆம்பூரிலிருந்து வேலூருக்கு ஓர் எக்கோ பயணம்

இந்தப் பக்கத்தில் இதுவரை மலை, அருவி, கோவில் என்றே எழுதிவந்தேன். இந்தமுறை போனது ஆம்பூரிலிருந்து வேலூருக்கு, ஐம்பது கிலோமீட்டர். பார்க்கப் போனது என் கணவர் பழனியின் இதயத்தை. அவருடையது என்பதே பாதிப் பொய். எட்டு மாதத்துக்கு முன் சென்னையில், முகம் தெரியாத ஒருவரின் இதயத்தை அவருக்குப் பொருத்தினார்கள். உடம்பு அதை வேற்றாள் என்று கண்டு எதிர்க்க ஆரம்பித்தால் வெளியே ஒன்றும் தெரியாமலே போகலாம். அதனால்தான் அவ்வப்போது எக்கோ என்கிற இதய ஸ்கேன். எங்களைப் போலப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை 5.50 பஸ், ஆளுக்கு 45 ரூபாய். விடியற்காலை பஸ்ஸில் கூட்டம் இருக்காது, தொற்று பயமும் குறைவு. காலை மாத்திரையைப் போடாமல் கையில் எடுத்துக்கொண்டோம். உடம்பின் எதிர்ப்பை அடக்கும் அந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ரத்தம் கொடுத்த பிறகுதான் அதைப் போட வேண்டும். பழனி போட்டிருந்த மாஸ்க்கைப் பார்த்து கண்டக்டர், "இன்னாண்ணா, இன்னுமா இதப் போட்டுனு இருக்கீங்க?" என்றார்.

"உள்ள ஒரு விருந்தாளி இருக்கார் தம்பி, அவருக்கு ஆவாது" என்றார் இவர். கண்டக்டர் புரியாமல் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எங்கே கொண்டு போய் முட்டிக்கொள்வது என்றிருந்தது.

பள்ளிகொண்டா டோல்கேட்டில் விடிந்தது. விரிஞ்சிபுரம் கோவில் பக்கம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். 7.10க்கு வேலூர். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ 60 ரூபாய். 7.40க்கு ரத்தம் கொடுத்து, மாத்திரை போட்டு, இட்லி சாப்பிட்டோம். எக்கோவுக்கு வெறும் வயிறு தேவையில்லை. பொத்தான் வைத்த சட்டையும், பழைய ரிப்போர்ட்டும் போதும்.

10.15க்கு அழைத்தார்கள். மங்கலான அறை. பழனியை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, நெஞ்சில் ஜெல் தடவி, கருவியை வைத்தார் எக்கோ எடுக்கும் பெண். காதுக்கு எட்டாத ஒலியை உள்ளே அனுப்பி, அது எதிரொலித்துத் திரும்புவதைப் படமாக்குவார்கள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் திரையில் அந்த இதயம் சுருங்கி விரிவதையும், வால்வுகள் படபடவென்று திறந்து மூடுவதையும் கண்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. வேறொருவர் மார்பில் பிறந்து, வேறொருவருக்காக ஓடிய ஒன்று, இங்கே என் கண் முன்னால் சலிக்காமல் வேலை செய்துகொண்டிருந்தது. கும்பிடத் தோன்றியது. கும்பிட்டேன்.

அந்தப் பெண் இதயத்தின் நடுச்சுவரில் ஒரு கோடு இழுத்து, "ஒன் பாயிண்ட் த்ரீ" என்றார்.

பழனி முகம் மலர்ந்துவிட்டது. "ஒன் பாயிண்ட் த்ரீயா! போன தடவ ஒன் பாயிண்ட் ஓ தான் இருந்துச்சு. இப்ப பாஸ்!"

ஷூ கம்பெனியில் பதினான்கு வருடமாகத் தரம் பார்த்துத் தோல் பொறுக்கும் ஆள் அவர். ஷூவின் மேல்பாகத் தோலை கேஜில் வைத்து கனம் அளப்பார். ஒன் பாயிண்ட் த்ரீ என்றால் ஏற்றுமதிக்கு. ஒன் பாயிண்ட் ஓ என்றால் ரிஜெக்ட்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அது மில்லிமீட்டருங்க, இது சென்டிமீட்டர். இங்க சுவர் மொத்தமானா நல்லதில்ல. உடம்பு ஏத்துக்காத ரிஜெக்ஷனா இருக்கலாம். டாக்டரக் கூப்பிடறேன்."

அந்த வார்த்தை இவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்! ஒதுக்கிப் போட்ட தோல்களின் குவியல் எனக்கே கண்ணில் வந்தது. "எத்தினி தோல ரிஜெக்ட் பண்ணியிருக்கேன்" என்றார் மெல்ல. நெற்றியில் வியர்வை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, காதில் கேட்கிற அளவுக்கு. ஆனால் திரையில் அவருடைய துடிப்பு 94. அந்த வார்த்தைக்கு முன்பும் 94, பின்பும் 94.

"அவரு பயந்துட்டாரு. அது ஏன் பேசாம இருக்குது?" என்று கேட்டேன்.

"நரம்ப அறுத்துட்டுத்தானேம்மா வெக்கறாங்க. பயம் நேரா அங்க போவாது. ரத்தத்துல கலந்து மெதுவாத்தான் போய்ச் சேரும்."

டாக்டர் அம்மா வந்து, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்து, கருவியைக் கொஞ்சம் திருப்பினார். "குறுக்க சாய்வா வெட்டின மாதிரி விழுந்திருக்கு. அதான் ஜாஸ்தி காட்டுது."

"கேஜ சாய்ச்சா எங்களுக்கும் அப்படித்தான் மேடம்" என்றார் பழனி.

நேராக மூன்று முறை அளந்தார். மூன்று முறையும் ஒன் பாயிண்ட் ஓ. சுருங்குவது, விரிவது எல்லாம் போன முறை போலவே. "இத மட்டும் வெச்சி முடிவு சொல்ல மாட்டோம். அடுத்த மாசம் எடுக்க வேண்டிய பயாப்ஸியையும் எடுத்துக்கங்க. இன்னிக்கு நல்லா இருக்கீங்க, போங்க" என்றார்.

கடைசியாக ஒன்று. போகிறவர்கள் எக்கோ முடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். வெளியே பெஞ்சில் பத்து நிமிஷம் உட்காருங்கள். நாங்கள் உட்கார்ந்தோம். பழனி தன்னையே கிண்டல் செய்துகொண்டு சிரித்தார். நான் சும்மா அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விரலுக்கடியில் நாடி தடதடவென்று ஓடியது. எண்ணினேன், 112.

"இப்பத்தான் சேதி போயிருக்கு போல" என்றார் அவர். "நீயாவது அதுக்குச் சொல்லு, முடிஞ்சிடுச்சுன்னு."

நான் அவர் மார்பில் கை வைத்தேன். கணவரை அல்ல, இந்த இதயத்தைத் தந்தவரை நினைத்துச் சொன்னேன்: "ஒண்ணுமில்லங்க. பயப்படாதீங்க. நாங்க இருக்கோம்."