டொக்டர் வேடம்

கணேசலிங்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1974இல், மெல்பேர்ண் கார்ல்டனில் இருந்தபோது அவர் சொன்ன ஒரு பொய்யே ஆயுசுக்கும் போதும்.

அவர் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் ரெனாற்றோ, எழுபது வயது இத்தாலியர். ரோமில் நாற்பது வருஷம் சினிமாவில் நடித்தவர். அறுபது படம், ஒன்றிலும் கதாநாயகன் இல்லை. பாதிரியார், நீதவான், அடிக்கடி டொக்டர். படத்தில் வரும் குரல்கூட அவருடையதில்லையாம், வேறு யாரோ பேசிச் சேர்ப்பார்களாம். மனைவி செத்தபின் மகளோடு இங்கே வந்தார். மகள் பேர்த் நகரத்துக்குப் போய்விட, தனித்துப்போனார். கணேசலிங்கம் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் சூப் வைத்துக் கொடுத்தவர் இந்த மனிதர்தான்.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்தில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. பெண்ணின் தாய்மாமன் ஜெயரட்ணம் சிட்னியில் இருந்தார். எங்கள் ஆட்கள் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை யார் வீட்டில் இருக்கிறான், யாரோடு சாப்பிடுகிறான் என்று அடிவேர்வரை கிண்டுவார்கள். கூத்தாடி வீட்டில் குடியிருக்கிறேன் என்று அந்த மாமனுக்கு எழுத முடியுமா? 'ஓய்வுபெற்ற டொக்டர் வீடு' என்று எழுதிவிட்டார்.

மாமன் நேரில் வருகிறேன் என்றதும் ரெனாற்றோவிடம் உண்மையைச் சொன்னார். கிழவர் கேட்டார்:

"நடிகன் என்றால் உங்கள் ஊரில் அவ்வளவு கேவலமா?"

கணேசலிங்கம் சுவரைப் பார்த்தார்.

"சரி. பதினெட்டுத் தடவை டொக்டராக நடித்தாயிற்று. இதையும் செய்கிறேன்."

என்ன நடிப்பு! ஜெயரட்ணம் சொக்கிப்போனார். அதுதான் வினையாய் முடிந்தது. தேத்தண்ணீர் குடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டு, "டொக்டர், காலமையிலிருந்து இதில ஒரு இறுக்கம். வாயுதானே?" என்று கேட்டார்.

'ஓம், வாயுதான் என்று சொல்லிவிடும்' என்று கணேசலிங்கம் ரெனாற்றோவைக் கண்ணால் கெஞ்சினார். இப்போது நினைத்தாலும் அவருக்கு உடம்பு கூசும்.

ரெனாற்றோ கதிரையை விட்டு எழுந்தார். "நான் டொக்டர் இல்லை, சினிமா நடிகன். உடனே ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

டாக்சியில் மாமனின் கையைப் பிடித்திருந்ததும் அவர்தான். மாரடைப்பு என்றார்கள். நேரத்துக்கு வந்ததால் ஆள் தப்பினார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி ஜெயரட்ணம் கேட்டார்: "தம்பி, அந்த மனுசன் வாய் திறக்காட்டி நீர் பேசாமத்தான் இருந்திருப்பீர், என்ன?"

கணேசலிங்கம் எழுந்து கதவுப்பக்கம் போனார். சம்பந்தம் அதோடு முறிந்தது.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்தபடி ரெனாற்றோ காத்திருந்தார்.

"உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன், லிங்கம். மன்னித்துக்கொள். அந்த ஒரு வசனத்தை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை."

கணேசலிங்கம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான் என்ற நாலு சொல் கணேசலிங்கத்தின் வாயில் வரவேயில்லை.