அந்தோணியம்மாளின் தப்புக் கேள்வி

அந்தோணியம்மாள் மட்டும் முந்நூறு வருடம் முன்னால் பிறந்திருந்தால் பூனாவைச் சுற்றி இத்தனை கோட்டைகள் கட்டியிருக்க வேண்டாம். மலை உச்சியில் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தால் போதும். யானையும் பீரங்கியுமாக டில்லியிலிருந்து வந்த படை, "ஸாரி சிஸ்டர், வழி தெரியாம வந்துட்டோம்" என்று அப்படியே ரிவர்ஸ் எடுத்திருக்கும். பிரசவ வார்டில் அவர் போட்ட அதட்டலுக்கு, கால் முன்னால் வர இருந்த குழந்தைகள் எல்லாம் மரியாதையாகத் திரும்பித் தலையை நீட்டின. நம்பாதவர்கள் வானவடியில் அவர் குடியிருக்கும் கட்டடத்தின் பழைய வாட்ச்மேனைக் கேட்கலாம். அவர் அந்த வேலையை விட்டு ஓடிவிட்டார் என்பதால் தேடிப் பிடித்துத்தான் கேட்க வேண்டும்.

ஊர் தூத்துக்குடி. கணவர் சேவியர் ராணுவத்தில் இருந்தபோது கூட வந்தவர், பூனாவிலேயே நர்ஸ் ஆனார். சேவியர் ரிட்டயர் ஆன நாளிலிருந்து செய்தித்தாளுக்குப் பின்னால் குடியிருக்கிறார். அந்த வீட்டில் பத்திரமான இடம் அது ஒன்றுதான்.

அந்தோணியம்மாள் வேலை பார்த்த வார்டில் அழுகைக்கு ஒரே மருந்து திட்டு. பெற்றவள் கண்ணைக் கசக்கினால், "புள்ள நல்லாத்தான இருக்கு? பெறகு என்னத்துக்கு ஒப்பாரி?" என்பார். அழுகை நின்றுவிடும். குணமாகிவிட்டது என்று அடுத்த கட்டிலுக்குப் போவார்.

தொண்ணூற்றாறில் மல்லிகா என்று ஒரு பெண் வந்தாள். புருஷனுக்குத் தளேகாவில் ஃபாக்டரி வேலை. மல்லிகா அழவே இல்லை. சாப்பிடச் சொன்னால் "சரி சிஸ்டர்." எழுந்து நடக்கச் சொன்னால் "சரி சிஸ்டர்." தமிழ்ப் பிள்ளை எவ்வளவு அடக்கம் பார் என்று அந்தோணியம்மாள் மற்ற நர்ஸ்களிடம் பீற்றிக்கொண்டார். தடுப்பூசிக்குக் குழந்தையைப் புருஷன் மட்டும் தூக்கி வந்தான். "ஆத்தாக்காரி எங்கல?" என்று கேட்டார். அவள் தானாகவே உயிரை விட்டுவிட்டாள் என்று அவன் சொன்னான். ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தோணியம்மாள் நின்றார். அவரால் போட முடியவில்லை, வேறொரு நர்ஸ் வந்து போட்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தார். பிள்ளை பெற்றவளுக்கு மனதில் வரும் நோயை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நர்ஸ்களுக்கும் அங்கன்வாடிப் பெண்களுக்கும் சமூக சேவகர்களுக்கும் சொல்லிக் கொடுக்கும் வேலை. கோபம் மட்டும் போகவில்லை. முன்பு அழுகிறவர்கள் மேல் பாய்ந்தவர், இப்போது அழுகையைக் கவனிக்காதவர்கள் மேல் பாய்ந்தார்.

முதல் வகுப்பு ஹடப்ஸர் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. வந்திருந்த அங்கன்வாடிப் பெண்கள் கைப்பையை மடியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, ஜப்தி செய்ய வந்த ஆளைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள். தலைவி சுனந்தாதாய் (அங்கே 'தாய்' என்றால் அக்கா) எழுந்து மராத்தியில் ஒரு பிடி பிடித்தாள். போலியோ சொட்டுக்கு நாங்கள், எடை போட நாங்கள், எலெக்‌ஷனுக்கு நாங்கள், கஞ்சி காய்ச்ச நாங்கள். இப்போது பைத்தியத்துக்கும் நாங்களா?

"பைத்தியம்னு எவ சொன்னா?" என்று தமிழில் கத்திவிட்டு, அதையே இந்தியிலும் கத்தினார் அந்தோணியம்மாள்.

"அப்புறம் என்ன? எங்க காலத்துல புள்ள பெத்தோம், மூணாம் நாள் மாவு பிசைஞ்சோம். யாரு வந்து மனசு எப்படி இருக்குன்னு கேட்டா?"

"கேக்காததனாலதான் ஒம்மொகம் இப்படி இருக்கு!"

நல்ல வேளையாக இது தமிழிலேயே நின்றுவிட்டது. ஆனால் முகத்தைக் காட்டிய விரல் எல்லா மொழியிலும் புரிந்தது. ஹால் கொதித்தது. டீ கொண்டு வந்தவர் தட்டோடு வாசலிலேயே நின்றுகொண்டார்.

அடக்குவதற்காக அந்தோணியம்மாள் பலகையைத் தட்டி, தாயிடம் கேட்க வேண்டிய கேள்வியை மராத்தியில் கேட்டுக் காட்டினார். குழந்தை பிறந்த பிறகு நீங்கள் அழுகிறீர்களா? அதற்கு 'ரட்தா கா' என்று கேட்க வேண்டும். அவருடைய மராத்தியோ, ராணுவக் குடியிருப்பு இந்தியின் மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்பு. கோபத்தில் அது உதிர்ந்து, 'லட்தா கா' என்று கேட்டுவிட்டார். அதற்கு அர்த்தம், சண்டை போடுகிறீர்களா?

ஒரு நொடி ஹால் விழித்தது. பிறகு சுனந்தாதாய், "போடாம?" என்றாள். அவ்வளவுதான், மடை உடைந்தது. வெந்நீர் வைக்காத நாத்தனார், பெண் குழந்தை என்றதும் பார்க்க வராத மாமனார், குழந்தை பால் குடிக்கும்போது குழம்பு கேட்ட புருஷன் என்று ஆளாளுக்குத் தன் பழைய சண்டையை மறுபடி ஆரம்பத்திலிருந்து போட்டார்கள். பெஞ்சுகள் தட்டப்பட்டன. அந்தோணியம்மாளுக்குத் தன் தப்பு புரிந்தபோது திருத்த மனம் வரவில்லை. அழுகிறீர்களா என்று கேட்டிருந்தால் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள்.

சத்தத்துக்கு நடுவே ஒருத்தி மட்டும் பேசாமல் இருந்தாள். வந்தனா என்று பெயர், மெலிந்த பெண். "நீ?" என்று அதட்டினார்.

"நான் சண்டை போடலை சிஸ்டர். யாரு என்ன சொன்னாலும் 'ஹோ', 'ஹோ'ன்னு சரி சொல்லிடுவேன். சண்டை போடறதுக்கு உள்ள ஒரு ஆள் இருக்கணும் இல்லையா? எனக்கு அப்ப உள்ள ஆள் இல்ல."

சுனந்தாதாய் எழுந்து போய், வந்தனாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல, மடச்சி?" என்று திட்டினாள். அந்தோணியம்மாள் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். வார்டில் எல்லாவற்றுக்கும் சரி சொன்னவளின் முகம் அவருக்கு நினைவு வந்தது.

அதிலிருந்து எல்லா வகுப்பிலும் வேண்டுமென்றே அந்தத் தப்புக் கேள்வியைக் கேட்டார். அழுகிறவளைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். சண்டை போட்டவள் சண்டையை விட்டுவிட்டாலோ ஓடிப் போய்க் கேளுங்கள் என்பது அவர் பாடம். பூனா முழுவதும் அந்தப் பாடத்தோடு போய் வந்தார், ரஞ்சன்காவ் வரைக்கும் போனார். போக முடியாத இடம் ஒன்றுதான் இருந்தது. எதிர் வீடு.

எதிர் வீட்டில் விசாலாக்ஷி மாமி. ஞாயிற்றுக்கிழமை அந்தோணியம்மாள் மீன் பொரித்தால் மாமி ஊதுவத்தியை வாசலில் கொளுத்தி வைப்பார். அந்தோணியம்மாள் ஃபேனை வாசல் பக்கம் திருப்பி வைப்பார். இந்தப் போர் பல வருடமாக நடந்தது. பூனாவில் வாசலுக்கு வாசல் கறாரான போர்டு மாட்டுவது வழக்கம். அதைப் பார்த்து யாரோ ஒரு போக்கிரி அந்தோணியம்மாள் கதவிலும் ஒன்று ஒட்டினான்: 'மணியை ஒரு தரம் அடித்தால் திறப்போம். இரண்டு தரம் அடித்தால் நாங்களும் அடிப்போம்.' அவர் அதைக் கிழிக்கவில்லை. பிடித்திருந்தது.

மாமியின் மகள் ஸ்ரீவித்யா, அந்தக் கட்டடத்தில் அந்தோணியம்மாளுக்குச் சமமாகச் சத்தம் போடக்கூடிய ஒரே ஆள். லிஃப்ட் கதவைத் திறந்து போட்டது யார் என்று இருவரும் மோதியதைக் கேட்கவே நாலாம் மாடி மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்தது. பத்தாம் வகுப்புக் கணக்கில் கோட்டை விட்ட மகன் ஒருவனும் அந்த வீட்டில் உண்டு. அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

இரண்டாயிரத்து நாலில் ஸ்ரீவித்யா பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. அதற்குப் பிறகு அவள் குரல் மாடிப்படியில் கேட்கவில்லை. "கொழந்தை பொறந்ததும் எவ்ளோ சமத்தாயிட்டா பாருங்கோ! வாயைத் தொறக்கறதில்ல" என்று மாமி எல்லாரிடமும் பெருமைப்பட்டார். அந்தோணியம்மாளிடம் மட்டும் சொல்லவில்லை, பேச்சு வார்த்தை இல்லையே.

ஒரு ஞாயிறு பகல் அந்தோணியம்மாள் வீட்டு ஃபோன் அடித்தது. குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல ஒரு குரல்.

"சொசைட்டி செக்ரெட்டரி ராமநாதன் பேசறேன். எதிர் வீட்டு மாமி கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கா. இனிமே மீன் பொரிச்சா உங்க தண்ணி கனெக்‌ஷன் கட்."

செக்ரெட்டரிக்கு ஜலதோஷம் போலும். அந்தோணியம்மாளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கையில் பிடித்தபடியே எதிர் வீட்டு மணியை இரண்டு தரம் அடித்தார்.

"ஏம்மா விசாலாட்சி, என் தண்ணிய நிறுத்துவியளோ?"

"யாரு நிறுத்தினா? என்ன ஒளர்றேள்? செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்து பேசுங்கோ... ஐயோ, மீன் கரண்டி! வராதீங்கோ, அங்கயே நில்லுங்கோ!"

அதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். சோபா ஓரத்தில் ஸ்ரீவித்யா. மடியில் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அவள் சுவரில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"ஏட்டி வித்யா, புள்ள தொண்ட கிழியக் கத்துது. கல்லு மாதிரி இருக்க? தூக்கித் தோள்ல போடு!"

"சரி ஆன்ட்டி." போட்டாள்.

இவளா? அந்தோணியம்மாள் கரண்டியைத் தாழ்த்தினார். இன்னொரு கல்லை எறிந்து பார்த்தார். "அன்னைக்கு லிஃப்ட் கதவத் தெறந்து போட்டது நீதான?"

"சரி. நான்தான் ஆன்ட்டி."

உண்மையில் அதைத் திறந்து போட்டது அந்தோணியம்மாள். அது இருவருக்கும் தெரியும். அவர் அவள் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தார்.

"விசாலாட்சி, போய் ஒரு காப்பி போடுங்க."

"காப்பியா? சண்டைக்கு வந்தவாளுக்கா?"

"ஆமா. சண்ட போட்டுத் தொண்ட காஞ்சு போச்சு. டிகிரி காப்பி, டிகிரி காப்பின்னு பெருமைப்படுதியள்லா, காட்டுங்க பாப்போம்."

பெருமைக்கு இழுக்கு என்றதும் மாமி சமையலறைக்குப் போனார். அந்தோணியம்மாள் குழந்தையை வாங்கிக்கொண்டார். வகுப்பில் சொல்லிக் கொடுத்தபடியே குரலை இறக்கினார். அவருக்கு அது மீனை முள்ளோடு விழுங்குவதுபோல.

"இப்பல்லாம் நீ சண்ட போடுதியா, வித்யா?"

ஸ்ரீவித்யா குழந்தையைப் பார்த்தாள். பிறகு, "நான் இல்லேன்னா இது அழாதுன்னு தோணறது ஆன்ட்டி. எல்லாரும் நன்னா இருப்பா."

சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டும் என்பதும் பாடம்தான். "சாகணும்னு தோணுதா?"

ஸ்ரீவித்யா ஆமாம் என்று தலையை அசைத்தாள். "பால்கனிப் பக்கமே போறதில்ல. பயமா இருக்கு. துணிகூட அம்பிதான் காயப் போடறான்."

"சொன்னியே, அது போதும். இது உன் தப்பு இல்ல. காய்ச்ச மாதிரி இது ஒரு சீக்கு. மருந்து இருக்கு. நான் ஒன்னய விட்டுட்டுப் போவ மாட்டேன். இப்பமே டாக்டர்ட்ட போறோம்."

காப்பியோடு வந்த மாமி கேட்டுவிட்டார். "எந்த டாக்டர்? எம்பொண்ணு என்ன பைத்தியமா? நாலு பேர் என்ன பேசுவா?"

"நாலு பேரு பேசுறது இருக்கட்டும். மொதல்ல ஒம்ம பொண்ணு இருக்கணும்லா?"

மாமி காப்பியைக் கீழே வைத்தார். மகளைப் பார்த்தார். அப்புறம் செருப்பைத் தேடினார். இரண்டும் ஒரே கால் செருப்பாகப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறியதை மருத்துவமனை வாசலில்தான் பார்த்தார். அதற்கும் அந்தோணியம்மாளைத்தான் திட்டினார்.

மருந்து உடனே கேட்கவில்லை. சில வாரம் ஸ்ரீவித்யாவைத் தனியாக விடாமல் வீட்டில் முறை போட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அந்தோணியம்மாள் தினமும் ஏதாவது ஒரு சண்டையைச் சாக்கு வைத்துப் போய் வந்தார். மாமியும் மறக்காமல் பதில் சண்டை போட்டுவிட்டுக் காப்பி கொடுத்தார்.

மழைக்காலம் முடிந்து ஒரு ஞாயிறு, எண்ணெய் காய்ந்து புகை கிளம்பியதும் வாசல் மணி இரண்டு தரம் அடித்தது. இடுப்பில் குழந்தையோடு ஸ்ரீவித்யா.

"ஆன்ட்டி, இது வீடா, மீன் மார்க்கெட்டா? எங்கொழந்தை மூச்சு விட வேண்டாமா? அப்புறம் அந்த லிஃப்ட் கதவைத் தொறந்து போட்டது நீங்க. ஞாபகம் வெச்சுக்கோங்கோ!"

"ஏட்டி, யாருட்ட பேசுத?" என்று பதிலுக்குக் கத்திவிட்டுக் கதவைச் சாத்தினார் அந்தோணியம்மாள். சமையலறைக்கு வந்து, "சண்ட போடுதா" என்றார். மிளகாய்ப்பொடிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதால் அதற்கப்புறம் வந்த கண்ணீர் எதற்கு என்று சொல்ல முடியாது. சேவியர் செய்தித்தாளை இறக்கி எட்டிப் பார்த்தார்.

இந்த வாழ்க்கை வரலாறு வானவடித் தமிழர்களின் பொங்கல் மலருக்காக எழுதப்பட்டது. அச்சுக்குப் போகும் முன்பே அந்தோணியம்மாள் எழுதியவன் கையிலிருந்து தாளைப் பிடுங்கி, வாசலில் நின்றபடியே கடைசி வரைக்கும் படித்துவிட்டார்.

"ஏல, கோவம் உச்சிக்கு ஏறிச்சின்னு எழுதிருக்க. ஒனக்கு யாரு சொன்னா?"

"அது... கதைக்கு நன்னா இருக்குமேன்னு ஆன்ட்டி."

"ராமநாதனுக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்ல."

"வீட்டுல புள்ள குட்டி?"

"இல்ல ஆன்ட்டி."

"பெறகு? ஃபோனுக்குள்ள ஒரு காதுல ஒரு புள்ள அழுதுச்சு. எதுத்த வீட்டு வாசல் வழியா இன்னொரு காதுல அதே புள்ள, அதே மூச்சப் பிடிச்சு அழுதுச்சு. அழுத புள்ளைய பக்கத்துல வச்சிக்கிட்டு ஒருத்தன் கூப்புடுதான்னா சண்டைக்கா கூப்புடுவான்? கரண்டி எதுக்குன்னு நெனச்ச? சண்டைன்னாத்தான ஒங்கம்மா கதவத் தெறப்பாவ." தாளை நெஞ்சில் அறைந்து திருப்பிக் கொடுத்தார். "யாரோ ஒரு போக்கிரியாம். பேரப் போடுல, அம்பி."