வடை சுற்றிய காகிதம்

அன்று அறையில் இருந்தவர்கள்: மதராஸிலிருந்து வந்த விசாரணை அதிகாரி. எங்கள் மேனேஜர். கம்ப்யூட்டர் ஆப்பரேட்டர். கூட்டித் துடைக்கிற நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஏசி குளிரில், கம்ப்யூட்டர்.

எண்பதுகளில் கொச்சி மட்டாஞ்சேரியில் கப்பற்படைக்குச் சாமான் கொடுக்கிற கம்பெனி எங்களுடையது. எல்லாம் ரகசியம். பஜார் முழுக்கத் தெரிந்த ரகசியம். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும். மேனேஜர் நிலைப்படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த வருடம் புது உத்தரவு. உள்ளே நுழைய மதராஸிலிருந்து பாஸ் வரவேண்டும். பாஸ் வராவிட்டால் எனக்கு வேலை இல்லை. வேறு வேலை தெரியாது.

ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. நான் அஞ்சாம் கிளாஸ். ஆப்பரேட்டர் படித்துச் சொன்னான். சொந்தக் காரியத்துக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டதுண்டா? ஆபீஸ் காகிதம் வெளியே போனதுண்டா? மேனேஜர் இல்லை என்று எழுதினார். ஆப்பரேட்டரும் அப்படியே. எனக்கும் அவனே இல்லை போட்டான். நான் அடியில் தமிழில், காகிதம் எடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"அண்ணாச்சி, இது எந்து பைத்தியம்? வேலை போகும், கேட்டோ" என்றான்.

கம்ப்யூட்டர் அச்சடித்து, எரிக்கச் சொன்ன காகிதத்தில் பாதியை எதிர் சாயாக்கடைச் சேட்டனுக்குக் கொடுப்பேன். பதிலுக்குத் தினம் ஒரு சாயா. கடை ஆணியில் அது தொங்குவது எங்கள் ஜன்னலிலேயே தெரியும். இல்லை என்று எப்படி எழுதுவது.

விசாரணை நடுவில் அதிகாரிக்குப் பசித்தது. மேனேஜர் பருப்புவடை வாங்கிவரச் சொன்னார். எதிர் கடையில்தான் வாங்கி வந்தேன். அதிகாரி ஒரு வடையைத் தின்றார். சுற்றியிருந்த காகிதத்தைப் படித்தார். மேனேஜர் மகளின் ஜாதகம். மாப்பிள்ளையோடு பத்துக்கு ஏழு பொருத்தம். நல்ல கம்ப்யூட்டர் அச்சு.

மெஷினைச் சோதித்துப் பார்த்தது என்றார் மேனேஜர். ஆப்பரேட்டர் தலையாட்டினான்.

அதிகாரி எண்ணெய் விரலைத் துடைத்தார். "ஜாதகம் பாத்தது சின்னத் தப்பு சார். விட்டிருப்பேன். இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க பாருங்க, அதை விட முடியாது."

என் பக்கம் திரும்பினார். "இனிமே காகிதம் எடுப்பியா?"

"மாட்டேன்."

"சாயா?"

"காசு குடுத்துக் குடிக்கிறேன்."

மீதி வடையையும் தின்றார்.

அவர்கள் இருவருக்கும் பாஸ் இல்லை. களமசேரி கோடவுனுக்கு மாற்றினார்கள். எனக்கு வந்தது, போட்டோ ஒட்டி, முத்திரை குத்தி. அறைக்குள் போக அனுமதி உள்ள ஒரே ஆள் நான்தான். தினமும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் ஏசி போட்டேன். கம்ப்யூட்டரைத் துடைத்து உறையை மாட்டினேன். அதன் சுவிட்ச் எங்கே என்று தெரியாது. புது ஆப்பரேட்டருக்குப் பாஸ் வரும்வரை இப்படித்தான்.

பதினான்கு மாதம்.