திங்கட்கிழமை மயக்கம்

தேவராஜ மார்க்கெட்டில் பூக்கடை முன்னால் நான் மயங்கி விழுந்த அன்றைக்கு என் மகன் என் ஆதார் அட்டையை வாங்கித் தன் பீரோவில் பூட்டிவிட்டான். இங்கே கன்னட நாட்டில் பெண்களுக்கு பஸ்ஸில் டிக்கெட் இலவசம், அட்டையைக் காட்ட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கிழவி எங்கே போய்விடுவாள் என்ற நினைப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவனோடு பேசவேயில்லை.

அதற்கு முன்னாலும் வீட்டில் மயக்கம் வந்திருக்கிறது. அதற்காக? ஹெப்பாள் ஃபேக்டரியில் வருஷக்கணக்காக நின்றே வேலை பார்த்த உடம்பு இது. மாதேஸ்வரன் மலைக்குத் தனியாகவே பஸ் ஏறிப் போய்வருவேன். "இனிமே மலை கிலையெல்லாம் வேண்டாம்மா. வீட்டுலயே படத்தைக் கும்பிட்டுக்கோ" என்றான். எனக்குக் கும்பிடச் சொல்லித்தருகிறான்!

தெருமுனை மருந்துக்கடையிலிருந்து வயசானவர்கள் இருக்கும் வீட்டுக்கே வந்து மாத்திரைகளைப் பார்த்துச் சொல்கிறார்களாம். மருமகள் சொல்லிவைத்துவிட்டாள்.

"பாக்கறதுக்கு என்ன இருக்குது? மாத்திரைய மிட்டாயின்னு நெனச்சா தின்னுட்டிருக்கறேன்?" என்று கத்தினேன்.

"வரட்டும் அத்தை" என்று சொல்லிவிட்டு அவள் குக்கரை இறக்கப் போய்விட்டாள். சண்டைக்கே வரமாட்டாள், அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

வந்த பார்மசிஸ்ட் ஒரு பெண். கன்னடக்காரி, ஆனால் தமிழும் பேசினாள். என் மாத்திரைகளைக் கட்டில் மேல் பரப்பி வைத்தாள். குற்றம் கண்டுபிடித்துத் திட்டப்போகிறாள் என்று நானும் பதிலோடு தயாராக இருந்தேன். அவளோ ஒவ்வொன்றையும் எப்போது, எதோடு சாப்பிடுகிறேன் என்று பொறுமையாகக் கேட்டாள். டாக்டரிடம் போனால் உட்காருவதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். இவள் காபி ஆறிப்போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல எனக்கே சுகமாக இருந்தது. ஆதார் அட்டைக் கதையையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன்.

"மயக்கம் என்னிக்கெல்லாம் வந்துச்சும்மா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார்த்தேன். பூக்கடைக்குப் போனது திங்கட்கிழமை. விளக்குத் திரி போடும்போது சாய்ந்ததும் திங்கட்கிழமைதான்.

"திங்கக்கிழமை என்ன விசேஷம்?"

"மாதேஸ்வரனுக்கு ஒருபொழுது. பொழுது சாஞ்சு வெளக்கு வெச்சுட்டுத்தான் சோறு."

"அன்னிக்குக் காலையில சர்க்கரை மாத்திரை?"

"அதெப்படி உடுவேன்? ஒரு நாளும் உடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே. தண்ணியில முழுங்கிருவேன்."

"அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் சாமியைக் கூப்பிட்டுத் தலையில் கைவைத்தாள். "வெறும் வயித்துல இந்த மாத்திரை போட்டா சர்க்கரை எறங்கிடும்மா. அதனாலதான் மயக்கம் வந்திருக்கும்."

விரதத்தை விடச் சொல்வாள், ஒரு பிடி பிடிக்கலாம் என்று நான் வாயைத் திறப்பதற்குள், அவள் டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் வரச்சொல்லி ரத்தம் பரிசோதித்துப் பார்த்தார். திங்கட்கிழமை மட்டும் அந்த மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டோடு போடு, காலையில் பாலும் ஒரு வாழைப்பழமும் சாப்பிடு என்றார். பாலும் பழமும் சாமிக்கே படைப்பதுதானே. எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆடி போய் ஆவணி வந்தது. ஒரு திங்கட்கிழமையும் தலை சுற்றவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து ஆதார் அட்டையை என் கையில் கொடுத்தான். "பையில முட்டாய் வெச்சுக்கோ. எறங்கினதும் போன் பண்ணு" என்றான். அவ்வளவு நாளும் பயந்து கிடந்திருக்கிறான், பாவம்.

மறுநாள் மலைக்கோயில் வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது. அந்த மருந்துக்கடைப் பெண்தான்.

"நான் வீட்டுக்கு வந்து மாத்திரை பார்த்தது எப்படி இருந்துச்சும்மா? எல்லார்கிட்டயும் கருத்துக் கேக்கறோம்."

"இரு கண்ணு, மலையில சாமிக்கு நிக்கறேன். உன்னைப் பத்தி மொதல்ல அவருகிட்டச் சொல்லிட்டு, அப்புறம் உனக்குச் சொல்றேன்."

"மலைக்கா? யார் கூட்டிட்டுப் போனாங்க?"

"நானேதான் வந்தேன்!" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்னால் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.